திருவரங்கத்து அரையரும் பழந்தமிழ் இசையும்

முன்னுரை

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலின் பின்புறம் ஒரு பாறைச் சுவர் இருக்கிறது. அதில் ஏழு பிரிவுகளாக இசைச் சுரங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தமைதியைக் கொண்டு அது கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர் அறிஞர். உருத்திராசாரியர் என்பவரின் மாணவனாகிய ஓர் அரசன், இசை பயிலும் மாணாக்கரின் நலனுக்காக இதைச் செய்வித்தான் என்று அக்கல்வெட்டே கூறுகிறது. கல்லில் வெட்டியதால் எழுத்து அழியவில்லை. ஆனால் அந்தச் சுரங்களை அன்று பாடிய முறையில் இன்று பாடிக் காட்ட வல்லார் ஒருவரும் இல்லை. எந்த மாணாக்கருக்காக அது வெட்டப்பட்டதோ அந்த மாணாக்கர் மரபு அற்றுப்போயிற்று.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, திருவரங்கத்தில், இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண்கிறோம். அங்கே மார்கழித் திங்களில் அரையர் பாடுகிறார். அவர் கையில் சுரம் எழுதிய ஏடு இல்லை. தந்தையிடமோ பெரியவரிடமோ கேட்டுக் கேட்டுப் பெற்றதை அவர் பாடுகிறார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஒரு மரபு இன்றும் ஒரு மனிதக் குரலில் ஒலிக்கிறது.

எழுதப்பட்ட இசை மௌனமாகிவிட, எழுதப்படாத இசை வாழ்வது எவ்வாறு? பழைய இசையைப் பாடுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட அரையரின் நிலையை ஆராய்ந்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரையர் யார்?

'அரையர்' என்னும் சொல் அரசர் என்ற பொருள் தருவது. இறைவன் திருமுன் பாடுபவரை அரசர் என்றே அழைத்திருக்கிறார்கள். அவருக்கு 'விண்ணப்பம் செய்வார்' என்ற பெயரும் உண்டு. தலையில் கூம்பு வடிவான வெல்வெட்டுக் குல்லாய், கழுத்தில் பெருமாளுக்குச் சாத்திக் களைந்த மாலை, கைகளில் தாளம் ஆகியவை அவருடைய அடையாளங்கள். வேறு பக்க இசையோ சுருதிப் பெட்டியோ வயலினோ கிடையாது.

கோயிலில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியாரும் அரையரும் ஒன்று என்று பலர் எண்ணுகின்றனர். இரண்டும் வேறு. கோஷ்டியார் பலர் கூடி ஒரே குரலில் ஓதுவர். அரையர் பாசுரத்தைத் தாளத்தோடு இசைப்பார். அதன் பொருளை அபிநயத்தால் காட்டுவார். பின் அதற்குரிய உரையையும் சொல்வார். பாடகர், ஆடுவோர், உரையாசிரியர் என்ற மூவரும் ஒருவரிடத்தில் கூடியிருப்பதே அரையர் சேவை. இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் படிக்கும் நமக்கு, அம்மூன்றும் பிரியாமல் இருந்த காலத்தை நினைவூட்டும் கலை இது.

இன்று தமிழகத்தில் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களிலும், கருநாடகத்தில் மேல்கோட்டையிலுமே இது நிலைபெற்றிருக்கிறது.

நாதமுனிகள் தந்த மரபு

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தவர் நாதமுனிகள். வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்தவர். அவர் பாசுரங்களைத் தேடித் தொகுத்ததோடு நிற்கவில்லை. தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்ற இருவருக்கும் அவற்றை இசையோடு கற்பித்தார். அவ்விருவர் வழியே அரையர் மரபு தோன்றிற்று என்பது வைணவ வரலாறு.

நாதமுனிகளின் இசைப்புலமையைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் ஒரு கதை கூறுகின்றன. சோழன் அவையில் இரண்டு பாடகியர் இருந்தனர். ஒருத்தி மக்கள் விரும்பும் புதிய முறையில் பாடினாள். மற்றொருத்தி 'தேவகானம்' எனப்படும் பழைய முறையில் பாடினாள். அரசன் முன்னவளையே பெரிதும் பாராட்டினான். பின்னவள் வீரநாராயணபுரத்துக் கோயிலுக்கு வந்து பாட, நாதமுனிகள் அதன் அருமையை உணர்ந்து போற்றினார். செய்தி அறிந்த அரசன் அவர் புலமையைச் சோதிக்க விரும்பினான். பல தாளங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்ய, அந்த ஒலியைக் கொண்டே ஒவ்வொரு தாளத்தின் எடையையும் நாதமுனிகள் கூறினாராம்.

இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்திலேயே பழைய இசை, புதிய இசை என்ற வேறுபாடு உணரப்பட்டிருந்தது. பழைய இசைக்கு அவையில் ஆதரவு குறைந்திருந்தது. அதற்குப் புகலிடம் தந்தது கோயில். இந்நிலை நம் காலத்தில் ஏற்பட்டதன்று என்பதை இக்கதை உணர்த்துகிறது.

அரையரின் பயிற்சியும் பணியும்

அரையராவது ஒரு நாளில் நிகழ்வதன்று. இளமையிலேயே நாலாயிரம் பாசுரங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். எந்த இடத்தில் தாளம் மாறும், எந்தச் சொல்லுக்கு எந்த முத்திரை என்பவற்றை மூத்தவரிடம் நேரில் கற்க வேண்டும். அபிநயத்திற்குப் பின் சொல்லப்படும் 'தம்பிரான்படி' என்னும் உரை அரையர் குடும்பங்களில் சுவடிகளாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. அதையும் பாடம் பண்ண வேண்டும்.

இவ்வளவு பயிற்சியும் முழுமையாக வெளிப்படும் காலம் அத்யயன உற்சவமாகும். முதலில் திருநெடுந்தாண்டகம். அடுத்துப் பகல்பத்து, நம்பெருமாள் அர்ச்சுன மண்டபத்தில் எழுந்தருளியிருக்க, முதலாயிரமும் பெரிய திருமொழியும் விண்ணப்பிக்கப்படும். பின் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்க, இராப்பத்து தொடங்கும். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள திருமாமணி மண்டபத்தில் நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் பத்து நாட்களில் நிறைவேறும். இறுதியில் நம்மாழ்வார் மோட்சம். அதன்பின் இயற்பா.

பரமபத வாசலைக் கடக்கத் திரளும் கூட்டத்தை நாம் அறிவோம். அந்தக் கூட்டத்தில் அரையரின் பாடலை நின்று கேட்போர் சிலரே. ஆயினும் கூட்டம் மிகுந்தாலும் குறைந்தாலும் அவர் ஒரு பாசுரத்தையும் விடுவதில்லை. அவர் பாடுவது சபைக்கன்று, பெருமாளுக்கு. கச்சேரிப் பாடகர் அவையின் குறிப்பறிந்து இராகத்தைச் சுருக்கவும் பெருக்கவும் செய்வார். அது அவருடைய கலைக்கு அழகு. அரையருக்கு அந்த உரிமை இல்லை. உரிமை இல்லாமையே பழைமையைக் காத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்காக அரையர் சேவையை உணர்ச்சியற்ற சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. 'முத்துக்குறி' என்னும் பகுதியைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். பெருமாள்மேல் காதல் கொண்டு மெலியும் தலைவி, மகளின் நோய் அறியாது கலங்கும் தாய், முத்துக்களைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி ஆகிய மூவரையும் ஒரே அரையர் நடித்துக் காட்டுவார். வேடம் மாற்றுவதில்லை. அதே குல்லாய், அதே தாளம். குரலும் முகமும் கையும் மட்டுமே மாறுகின்றன. சங்க அகத்துறையில் நாம் படிக்கும் கட்டுவிச்சியை உயிரோடு காண விரும்பும் தமிழ் மாணவர்கள் ஏட்டை மூடிவைத்து அங்கே செல்லலாம்.

பாட்டுக்குக் கிடைத்த பரிசு

அரையர்க்கு அந்நாளில் இருந்த மதிப்பை இராமானுசர் வரலாற்றால் அறியலாம். ஆளவந்தாரின் மைந்தர் திருவரங்கப்பெருமாளரையர். இராமானுசர் காஞ்சியில் இருந்த காலத்தில், அவரைத் திருவரங்கத்திற்கு அழைத்துவரும் பொறுப்பு இவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அரையர் காஞ்சிக்குச் சென்று வரதராசர் திருமுன் பாடி அபிநயித்தார். உள்ளம் உவந்த பெருமாள் வேண்டுவதைக் கேள் என்றார். அரையர் பொன்னும் பொருளும் கேட்கவில்லை, இராமானுசரைக் கேட்டார். திருவரங்கம் இராமானுசரைப் பெற்றது ஒரு பாடகரின் பரிசிலாக என்பது வைணவர்கள் நெகிழ்ந்து கூறும் செய்தி.

பின்னர் அதே இராமானுசர் இவ்வரையரிடம் மாணவராக அமர்ந்தார். ஆறு திங்கள் பால் காய்ச்சிக் கொடுத்தும், ஆடிக் களைத்த உடலுக்கு மஞ்சட்காப்பு அரைத்துக் கொடுத்தும் பணிவிடை செய்தார் என்று குருபரம்பரை கூறும். மாபெரும் தத்துவ அறிஞர் ஒருவர் இசைவாணருக்கு மஞ்சள் அரைத்தார் என்ற இச்செய்தி, கலைக்கும் கல்விக்கும் இடையே அன்று சுவர் எழுப்பப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

எஞ்சியது எது? மறைந்தது எது?

ஆராய்ச்சி மாணவர் இங்கே நிதானமாகச் சிந்திக்க வேண்டும். இன்று நாம் கேட்பது நாதமுனிகள் காலத்து இசையேயா? அப்படியே என்று சொல்லிவிட முடியாது.

பாசுரங்களுக்குப் பண்ணும் தாளமும் குறிக்கப்பட்ட பழைய ஏடுகளும் பதிப்புகளும் உள்ளன. முதிர்ந்த குறிஞ்சி, முதிர்ந்த இந்தளம் முதலிய பண்களையும், ஏழொத்து, ஒன்பதொத்து முதலிய தாளங்களையும் அவற்றில் காண்கிறோம். ஆனால் இன்றைய அரையர் இசையில் இப்பண்களை வேறுபடுத்தி அறிய இயலவில்லை. சில சுரங்களுக்குள்ளேயே சுழலும் ஒரு பழைய ஓதல் முறையாகவே அது பெரும்பாலும் அமைந்துள்ளது. சொல்லும், தாளமும், அபிநயமும், உரையும் நின்றன, பண் தேய்ந்தது.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1311-இல் மாலிக் காபூரின் படையும், 1323-இல் உலூக் கானின் படையும் திருவரங்கத்தைத் தாக்கின. பின்னைய படையெடுப்பின்போது நம்பெருமாள் ஊரைவிட்டு எழுந்தருள நேர்ந்தது. மீண்டும் திருவரங்கம் திரும்பியது 1371-இல். இடைப்பட்ட 48 ஆண்டுகள் என்பது இரண்டு தலைமுறை. வாய்வழிக் கலைக்கு இரண்டு தலைமுறை இடைவெளி பேரிழப்பாகும்.

சைவத் திருமுறை இசையோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம். தேவாரப் பண்களும் ஒரு காலத்தில் மறந்துபோயின. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியைக் கொண்டு அவை மீண்டும் வகுக்கப்பட்டன என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. பின்னர்ச் சைவ மடங்கள் ஓதுவார்களைப் பயிற்றிக் கோயில்தோறும் அனுப்பின. 1943-இல் தொடங்கிய தமிழிசைச் சங்கம் பண் ஆராய்ச்சியை ஆண்டுதோறும் நடத்திற்று. அதனால் இன்று நம் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைப் பெருமான்மீது சம்பந்தர் பாடிய பதிகம் குறிஞ்சிப் பண் என்றும், அதை அரிகாம்போதியில் பாட வேண்டும் என்றும் ஓதுவார் தயக்கமின்றிச் சொல்கிறார். திருப்பராய்த்துறைப் பதிகத்துக்கு மேகராகக்குறிஞ்சி. அது நீலாம்பரியாகப் பாடப்படுகிறது. இந்த இணைப்புகள் யாவும் தொன்மையானவை என்று நிறுவ முடியாவிடினும், பண் என்ற உணர்வு அறுபடாமல் இருக்கிறது. ஓதுவார்க்குப் பள்ளிகள் பல அமைந்தன. அரையர்க்கு வீடே பள்ளி. இவ்விரு மரபுகளின் வேறுபாட்டிற்கு இது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

நெல்லும் இசையும்

கலை பக்தியால் மட்டும் வாழ்வதில்லை. பாடுவோர் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பிடாரர்களையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்தான். ஐம்பதின்மருக்கும் நாள்தோறும் தலைக்கு முக்குறுணி நெல். கணக்கிட்டால் நாளொன்றுக்கு 150 குறுணி, அதாவது பன்னிரண்டரைக் கலம் நெல், பாட்டுக்கென்றே அளக்கப்பட்டது.

அக்கல்வெட்டில் மேலும் சிறப்பான ஒரு விதி இருக்கிறது. பாடுவோருள் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்த இடத்தில் பாடி நெல்லைப் பெறலாம். உறவினர்க்குத் தகுதி இல்லையாயின், தகுதியுடைய வேறொருவரைத் தேர்ந்து பாடச் செய்ய வேண்டும். உறவினரே இல்லையாயின், மற்றப் பாடகர்கள் கூடித் தகுதியானவரைத் தேர வேண்டும். உரிமைக்கும் இடம் தந்து, தகுதியையும் விடாமல், பாட்டு ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு இது. திருவரங்கத்திலும் முதலாம் குலோத்துங்கன் (1070–1120) காலத்துக் கல்வெட்டொன்று, குலசேகராழ்வாரின் அரங்கப் பதிகம் விழாக்காலத்தில் பாடப்பட்டதைக் குறிப்பிடுகிறது.

குடுமியான்மலைச் சுரங்களுக்கும் அரையர் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகும். முன்னதற்குக் கல் இருந்தது. அதை நாள்தோறும் பாட ஒருவரை அமர்த்திய ஏற்பாடு நிலைக்கவில்லை. பின்னதற்கு நாள் குறிக்கப்பட்டது, இடம் குறிக்கப்பட்டது, பாடுவோர் குறிக்கப்பட்டனர், அவர்க்கு மரியாதையும் வாழ்வும் வகுக்கப்பட்டன.

மேல்நாட்டில் ஓர் ஒப்புமை

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று. ஐரோப்பாவில் பழைய இசையை அதன் பழைய முறையிலேயே பாட வேண்டும் என்ற இயக்கம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் ஆங்கிலேயரான ஆல்பிரட் டெல்லர் (1912–1979). ஆண்மகன் பெண்குரலை ஒத்த உச்சத்தில் பாடும் முறை, தனிப்பாடகர்களிடையே பெரிதும் வழக்கொழிந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டினரான பர்செல் போன்றோர் எழுதிய பாடல்கள் ஏட்டில் இருந்தும், உரிய குரல் அரங்கில் இல்லை. டெல்லர் காண்டர்பரிப் பேராலயப் பாடற்குழுவில் பணிபுரிந்தவர். பேராலயங்கள் அந்தக் குரலுக்கு இடைவிடாது வேலை கொடுத்து வந்தமையால்தான் அது முற்றும் அழியாமல் இருந்தது. அங்கிருந்து அவர் அரங்கிற்கு வந்தார், 1946-இல் பி.பி.சி. வானொலியில் பாடினார். பழைய இசையைப் பாடுவது ஒரு தொழிலாக மீண்டும் மதிக்கப்பட்டது.

அவர்களுக்கு ஏடு இருந்தது, பாடும் முறை பெரும்பாலும் அறுந்திருந்தது. நமக்குப் பாடும் முறை இருக்கிறது, ஏடு இல்லை. இரண்டிலும் இடைவெளியைக் கடக்க உதவியது, கோயிலில் நாள் தவறாமல் பாடிய பணியாளனின் குரலே.

இன்றைய நிலை

நம் காலத்திலும் இத்துறையில் உழைத்தோர் உண்டு. அரியக்குடி இராமானுச ஐயங்கார் திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் இராகம் அமைத்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். இசைப் பேராசிரியர் வி. வி. சடகோபனின் மாணவராகிய ஸ்ரீராம பாரதி, அரையர் குடியில் பிறவாதவராயினும், அரையர்களை அணுகி இக்கலையைப் பயின்றார். சென்னையை அடுத்த சல்லடம்பேட்டையில் பிரபந்த இசையைப் பிறர்க்கும் கற்பித்தார். அரையர் சேவை பற்றி நூலும் எழுதினார். 2000-இல் அவர் மறைந்தது இத்துறைக்குப் பேரிழப்பு.

ஓதுவார் துறையில் வாயில் இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. திருச்சிராப்பள்ளி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் தேவாரம் ஒரு தனிப் பாடம். 2006-இல் உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் பெண் ஒருவர் ஓதுவாராக நியமனம் பெற்றார். உறையூர் எந்த ஊர்? யாழ் கையில் ஏந்திக் காவிரியின் தென்கரையிலேயே நின்று அரங்கனைப் பாடிய திருப்பாணாழ்வாரின் ஊர். கோயிலுக்குள் வரத் தயங்கிய பாணரை, முனிவர் ஒருவர் தம் தோளில் சுமந்து உள்ளே கொண்டு சென்றார் என்பது வரலாறு. பழைய இசையைக் காத்தவர் யார், அதைப் பாடும் உரிமை யாருக்கு என்ற வினாக்களுக்கு உறையூர் இரண்டு முறை விடை கூறியிருக்கிறது.

அரையர் மரபு இன்று சில குடும்பங்களின் கையில் மட்டுமே உள்ளது. அக்குடும்பத்துப் பிள்ளைகளும் நம்மைப் போலக் கல்லூரிக்கு வருகிறார்கள்; வங்கியிலும் கணிப்பொறித் துறையிலும் வேலை தேடுகிறார்கள். அதனைக் குறை கூற யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரு தலைமுறை விட்டுவிட்டால், அவ்வூர் மரபு என்றென்றைக்கும் முடிந்துவிடக் கூடும். திருமுன் விண்ணப்பிக்கும் உரிமை கோயில் வழக்கப்படி அக்குடும்பங்களுக்கே இருக்கட்டும். அதனைக் கற்கும் வாய்ப்பையும் ஆராயும் வாய்ப்பையும் பரவலாக்குவதால் அவ்வுரிமை குறைந்துவிடாது. தஞ்சைக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய வழி இது.

இதில் நாம் செய்யக்கூடியவை மூன்று. பெரியவர்களின் இசைவு பெற்று, முழுப் பாடல்களையும் உரையோடு ஒலிப்பதிவு செய்து காத்தல் ஒன்று. ஏடுகளில் உள்ள பண், தாளக் குறிப்புகளை இன்றைய பாடும் முறையோடு ஒப்பிட்டு ஆராய்தல் மற்றொன்று. தமிழ் மாணவரும் இசை மாணவரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது. மூன்றாவது மிக எளியது: மார்கழியில் ஒரு நாளேனும் சென்று, அமைதியாக நின்று, முழுதும் கேட்டல்.

முடிவுரை

பழைய இசையை வாழ்வாகக் கொண்ட பாடகருக்குப் புகழ் குறைவு. அவர் பெயர் சுவரொட்டியில் வருவதில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுவதில்லை. ஆயினும் மாலிக் காபூருக்கு முன்னும், உலூக் கானுக்குப் பின்னும், மன்னர்கள் மாறி ஆட்சிகள் மாறிய பின்னும் திருவரங்கத்தில் பாசுரம் தாளத்தோடு ஒலிப்பது அவரால்தான். கல்லில் வெட்டிய இசையைக் காண நாம் குடுமியான்மலைக்குச் செல்ல வேண்டும். குரலில் வெட்டிய இசையைக் கேட்கக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் போதும். அந்தக் குரலுக்கு அடுத்த மாணவன் கிடைக்க வேண்டும் என்பதே தமிழிசைமேல் அன்புடையார் அனைவரின் விருப்பமாகும்.